பிரேமுடா, 1918 ஜூன் 10: இரண்டு மாஸ் படகுகள், ஒரு 20,000 டன் போர்க்கப்பல் – நிகழ்வு ஆய்வு

இத்தாலியக் கடற்படையின் மோட்டார் டார்பிடோ படகுகள் (முதல் போர்க் காலத்தில் இவற்றின் பெயர் மாஸ்) இரு உலகப் போர்களிலும் செய்த வேலைகளில் அதிகம் பேசப்படுவது, ஏட்ரியாட்டிக் கடலின் பிரேமுடா தீவருகே ஆஸ்திரிய-ஹங்கேரியப் போர்க்கப்பல் செண்ட் இஷ்ட்வானை மூழ்கடித்த தாக்குதல்தான். பேசப்படும் விதத்தில்தான் கோளாறு. எட்டுப் பேர் ஏறிய ஒரு மரப்படகு, ஆயிரம் பேருக்கு மேல் ஏறிய இரும்புக் கோட்டையைச் சாய்த்தது என்று வீரக்கதையாகவே சொல்லி முடித்துவிடுவார்கள். துணிச்சல் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த இரவின் முடிவைத் தீர்மானித்தவை கரும்புகை, தாமதம், படகின் குறைந்த வேகம், இரண்டு கொதிகலன் அறைகளுக்கு நடுவே நின்ற ஒரு சுவர் ஆகியவை. அவற்றை வரிசையாகப் பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை. ஆட்களைப் பெயரால் அல்லாமல் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறோம்.

பின்னணி

ஏட்ரியாட்டிக் கடல் ஒரு நீண்ட சந்து போன்றது. அதன் தெற்கு வாய் ஒட்ராண்டோ நீரிணை. ஆஸ்திரிய-ஹங்கேரியக் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் மத்தியதரைக் கடலுக்குள் இறங்காதபடி நேச நாடுகள் அங்கே மீன்பிடிப் படகுகள், வலைகள், ரோந்துக் கப்பல்களைக் கொண்டு ஒரு தடுப்பு வேலி போட்டிருந்தன. 1917 மே 15 அன்று மூன்று ஆஸ்திரிய இலகு குரூசர்கள் அந்த வேலியைத் தாக்கி 14 படகுகளை மூழ்கடித்தன. அதன் பிறகும் வேலி நீங்கவில்லை.

1918 பிப்ரவரியில் கட்டாரோ துறைமுகத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரிய மாலுமிகள் கலகம் செய்தனர். அதையடுத்துப் பொறுப்பேற்ற புதிய கடற்படைத் தளபதி, முந்தைய ஆண்டு அதே வேலியைத் தாக்கிய அணியை நடத்தியவர். சும்மா நிற்கும் கப்பலில் ஒழுங்கு கெடும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே ஜூன் 11 விடியலில் இன்னும் பெரிய அளவில் தாக்கத் திட்டமிட்டார். குரூசர்கள் வேலியைத் தாக்கும். எதிர்த்து வரும் நேச நாட்டுக் கப்பல்களை நான்கு பெரிய போர்க்கப்பல்கள் தெற்கே காத்திருந்து எதிர்கொள்ளும். அந்த நான்கும் டெகெத்தாஃப் வகுப்பைச் சேர்ந்தவை: விரிபுஸ் யூனிட்டிஸ், டெகெத்தாஃப், பிரின்ஸ் ஆய்கன், செண்ட் இஷ்ட்வான். ஒவ்வொன்றும் சுமார் 20,000 டன்; மூன்று குழல் கொண்ட நான்கு கோபுரங்களில் 12 பீரங்கிகள், 30.5 செ.மீ. வாய்.

நான்கில் செண்ட் இஷ்ட்வான் கொஞ்சம் வேறு மாதிரி. மற்ற மூன்றுக்கும் நான்கு சுழலித் தண்டுகள். பியூமே நகரில் கட்டப்பட்ட இதற்கு இரண்டே. டர்பைனும் வேறு, கொதிகலனும் வேறு. 1915 இறுதியில் படையில் சேர்ந்த பிறகு பெரும்பாலும் ஆஸ்திரியக் கடற்படைத் தளமான போலா துறைமுகத்தில்தான் கட்டிக் கிடந்தது. 937 நாள் பணிக்காலத்தில் கடலில் கழித்தது 54 நாள். நிலக்கரி போடுபவர்களும் என்ஜின் அறைக்காரர்களும் நீண்ட ஓட்டத்தில் பழக வாய்ப்பே கிடைக்கவில்லை. இது பின்னால் முக்கியமாகும்.

எதிர்ப்பக்கம் மாஸ் படகுகள். தொடக்க கால மாஸ் சுமார் 16 மீட்டர் நீளம், 12 முதல் 16 டன் எடை. இரண்டு பெட்ரோல் என்ஜின்கள் இணைந்து 400 குதிரைத்திறனுக்குச் சற்று மேல் தரும், அமைதியான கடலில் 22 முதல் 25 நாட் வரை ஓடும் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.). ஆயுதம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 45 செ.மீ. டார்பிடோக்கள், சில ஆழ்வெடிகள், இயந்திரத் துப்பாக்கி. டார்பிடோவைச் செலுத்தக் குழாய் கிடையாது. தளத்தின் ஓரத்தில் இரும்புக் கொடுக்குகள் அதைப் பிடித்திருக்கும். கொடுக்கை விடுவித்தால் டார்பிடோ பக்கவாட்டில் தண்ணீரில் விழுந்து தன் வழியே ஓடும். குழாயின் எடை மிச்சமாவதால்தான் இவ்வளவு சிறிய படகில் இரண்டு டார்பிடோ ஏற்ற முடிந்தது. விலையும் உண்டு: ஒரு தடவை விட்டால் முடிந்தது, மாற்று கிடையாது.

இந்தப் படகுகள் அதுவரை காட்டிய திறமை எல்லாம் துறைமுகங்களுக்குள்ளேதான். 1916 ஜூனில் துராஸோவில் ஒரு நீராவிக் கப்பல். 1917 டிசம்பரில் திரியெஸ்தே அருகே எஃகு வடங்களை வெட்டி உள்ளே போய் வீன் என்ற கரையோரக் காவல் போர்க்கப்பல். 1918 பிப்ரவரியில் புக்காரியில் டார்பிடோக்கள் வலைகளில் சிக்கி ஒரு கப்பலும் மூழ்கவில்லை. திறந்த கடலில் காவலோடு ஓடிக்கொண்டிருக்கும் பெரிய போர்க்கப்பலை ஒரு மாஸ் தாக்கி வீழ்த்தியதில்லை.

ஜூன் 9 இரவு: போலாவிலிருந்து புறப்பாடு

நான்கு பெரிய கப்பல்களும் ஒன்றாகக் கிளம்பினால் எதிரியின் கண்ணில் படும் என்று இரண்டிரண்டாகப் பிரித்தார்கள். தளபதி ஏறிய விரிபுஸ் யூனிட்டிஸும் பிரின்ஸ் ஆய்கனும் முன்பே தெற்கே போய்விட்டன. செண்ட் இஷ்ட்வானும் டெகெத்தாஃபும் 9-ஆம் தேதி இரவு 9 மணிக்குப் புறப்பட வேண்டும். துறைமுக வாயில் போட்டிருந்த மிதவைத் தடுப்பு நேரத்துக்குத் திறக்கப்படவில்லை. வெளியேறியபோது மணி 10:15.

இந்த ஒன்றே கால் மணி நேரத்தைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. 12 நாட் வேகத்தில் அது 15 கடல் மைல். நேரத்துக்குக் கிளம்பியிருந்தால், மாஸ் படகுகள் வீடு திரும்பிய நேரத்தில் இரண்டு கப்பல்களும் பிரேமுடாவைத் தாண்டித் தெற்கே போயிருக்கும்.

விட்ட நேரத்தைப் பிடிக்க வேகம் கூட்டினார்கள். செண்ட் இஷ்ட்வானின் டர்பைன் பகுதி சூடேறியது. 12 நாட்டுக்குக் குறைக்க வேண்டியதாயிற்று. சூடு தணிந்ததும் மறுபடி நீராவி ஏற்ற முயன்றார்கள். பழகாத கைகள் அவசரமாக அள்ளிப் போட்ட நிலக்கரி முழுதாக எரியாது. எரியாத கரி புகைபோக்கி வழியே கருப்பாக வெளியேறும். இரவில் விளக்கணைத்துப் போகும் கப்பல், தன் இருப்பிடத்தை வானத்தில் தானே எழுதிக் காட்டியது.

காவலுக்கு ஒரு நாசகாரிக் கப்பலும் சில டார்பிடோ படகுகளும் வந்தன. எல்லாமே பெரிய கப்பல்களை ஒட்டியே ஓடின. அவர்கள் அஞ்சியது நீர்மூழ்கியை. நீர்மட்டத்தில் மெதுவாக ஊர்ந்து வரும் படகைத் தேடும் எண்ணத்தோடு அந்தக் காவல் வளையம் அமைக்கப்படவில்லை.

ஜூன் 10, அதிகாலை 3:15: புகை தென்படுகிறது

அதே இரவில் மாஸ் 15, மாஸ் 21 என்ற இரண்டு படகுகள் இத்தாலியக் கரையிலுள்ள அங்கோனாவிலிருந்து வந்து பிரேமுடா தீவுக்கு அருகே கண்ணிவெடி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தன. அங்கோனாவுக்கும் பிரேமுடாவுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரம் சொந்த என்ஜினில் ஓடினால் வேலைக்கும் திரும்பவும் பெட்ரோல் போதாது. எனவே டார்பிடோக் கப்பல்கள் அவற்றை இழுத்து வந்து விட்டன. கண்ணி எதுவும் அகப்படவில்லை. திரும்பும் நேரம்.

3:15 மணியளவில் தொலைவில் கரும்புகை தெரிந்தது. இரு படகுகளுக்கும் தலைவர் மாஸ் 15-இல் இருந்தார். ஆறு மாதம் முன் வீன் கப்பலை மூழ்கடித்தவர். பெரிய கப்பல்கள் வருவது அவருக்குத் தெரியாது. போலாவிலிருந்து அவை கிளம்பியதே இத்தாலியருக்குத் தெரியாது. தன்னைக் கரைக் காவலர் பார்த்துவிட்டார்கள், விரட்டக் கப்பல் அனுப்பியிருக்கிறார்கள் என்றே எண்ணினார்.

அந்த ஊகம் தவறு. அதன்மேல் எடுத்த முடிவு சரி. ஓடினால் விடிந்துவிடும், வெளிச்சத்தில் 25 நாட் படகு நாசகாரிக் கப்பலிடமிருந்து தப்பாது. இருட்டு மிச்சம் இருக்கும்போதே எதிரே போய்த் தாக்குவதுதான் பிழைக்கும் வழி. புகையை நோக்கித் திரும்பினார்.

3:15 முதல் 3:25 வரை: நெருங்கிய விதம்

நெருங்கியபோதுதான் இரண்டு பெரிய கப்பல்களின் உருவம் தெரிந்தது. இங்கே எடுத்த தொழில்நுட்ப முடிவுகள் மூன்று.

முதலாவது வேகம். மாஸ் படகு முழு வேகத்தில் ஓடினால் முன்புறம் வெள்ளை நுரை எழும்பும். பெட்ரோல் என்ஜின்களின் இரைச்சலும் கூடும். கருநிறக் கடலில் அந்த நுரைதான் முதலில் கண்ணில் படும், படகு அல்ல. தலைவரின் அறிக்கைப்படி, 9 நாட் வேகத்தில் ஊர்ந்து வந்து, காவல் வளையத்தைக் கடக்கும்போது மட்டும் 12 நாட்டுக்கு ஏற்றினார். படகின் திறனில் பாதிதான். விரைவுப் படகு என்று பெயர் எடுத்த ஒன்று, தன் மிகப்பெரிய வெற்றியை மெதுவாகப் போய்த்தான் பெற்றது.

இரண்டாவது பாதை. வெளியிலிருந்தே, காவல் கப்பல்களுக்கு அப்பால் நின்று டார்பிடோ விடலாம், தப்புவது எளிது. அதை விட்டு, இரண்டு காவல் கப்பல்களுக்கு நடுவே புகுந்தார். இடப்பக்கக் கப்பலை 100 மீட்டருக்கும் குறைவான தூரத்தில் கடந்தார். உள்ளே இரண்டு படகுகளும் பிரிந்தன: மாஸ் 15 செண்ட் இஷ்ட்வானுக்கு, மாஸ் 21 டெகெத்தாஃபுக்கு.

மூன்றாவது தூரம். இதைக் கணக்கோடு பார்த்தால்தான் புரியும். டார்பிடோவைக் கப்பல் இப்போது இருக்கும் இடத்துக்கு விடக்கூடாது. அது போய்ச் சேரும் நேரத்தில் கப்பல் எங்கே இருக்குமோ அங்கே விட வேண்டும். அதற்கு எதிரியின் வேகத்தை இருட்டில் கண்ணால் மதிப்பிட வேண்டும். 30 நாட் ஓடும் டார்பிடோ என்று வைத்துக்கொண்டால் 300 மீட்டரைக் கடக்க 20 விநாடி. வேகத்தை 3 நாட் தப்பாக மதிப்பிட்டிருந்தாலும் அந்த 20 விநாடியில் குறி விலகுவது 30 மீட்டர். செண்ட் இஷ்ட்வானின் நீளம் 152 மீட்டர். நடுவைக் குறி வைத்தவருக்கு 30 மீட்டர் விலகினாலும் கப்பல் கிடைக்கும். அதே தவறோடு 1,500 மீட்டரிலிருந்து விட்டால் விலகல் 150 மீட்டர், ஒரு முழுக் கப்பல் நீளம். மாற்று டார்பிடோ இல்லாத படகுக்கு நெருக்கம் ஒன்றுதான் காப்பீடு.

சுமார் 3:25 மணிக்கு, 300 மீட்டருக்கு மேற்படாத தூரத்திலிருந்து மாஸ் 15 தன் இரண்டு டார்பிடோக்களையும் விட்டது. இரண்டும் கப்பலின் வலப்புறத்தில், கொதிகலன் அறைகளுக்கு நேராக அடித்தன. மாஸ் 21 விட்டவை டெகெத்தாஃபைத் தொடவில்லை.

தப்புதல்

வெடித்த கணத்தில் ஒளிவு போய்விட்டது. மாஸ் 15 இப்போதுதான் முழு வேகம் எடுத்தது. 76 எண் கொண்ட டார்பிடோ படகு பின்னால் துரத்தி நெருங்கியது. மாஸ் 15 தன் வாலில் ஆழ்வெடிகளைப் போட்டது. நீர்மூழ்கிக்காகச் செய்த ஆயுதம் இது. ஆனால் துரத்துபவர் முகத்துக்கு நேரே நீர்த்தூண் எழும்பினால் சுக்கானைத் திருப்பாமல் இருக்க முடியாது. 76 விலகியது. இரண்டு மாஸ்களும் சேதமின்றி அங்கோனா திரும்பின.

3:25 முதல் 6:12 வரை: செண்ட் இஷ்ட்வானில்

இந்த வகுப்புக் கப்பல்களின் நீரடிப் பாதுகாப்பு அகலம் மொத்தமே 1.60 மீட்டர். வெளித்தகட்டுக்கும் உள்ளிருக்கும் டார்பிடோ சுவருக்கும் இடையே வெடியின் வீச்சு விரிந்து தணிய அந்த இடம் போதாது. உள்சுவரும் சேர்ந்து கிழியும். வரைபடத்திலேயே இருந்த குறை இது.

பின்கொதிகலன் அறையில் விரைவாகத் தண்ணீர் நிரம்பியது. கப்பல் வலப்புறம் 10 பாகை சாய்ந்தது. இடப்பக்க அறைகளிலும் வெடிமருந்துக் கிடங்குகளிலும் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு 7 பாகைக்குக் கொண்டுவந்தார்கள். சரியான நடவடிக்கைதான், ஆனால் சாய்வு குறைய விடும் ஒவ்வொரு டன் தண்ணீரும் கப்பலை இன்னும் தாழ்த்தும். ஓட்டையை வெளியிலிருந்து மூடும் கனத்த பாய்களை இறக்கப் பார்த்தார்கள், பலிக்கவில்லை.

கப்பல் மெதுவாக அருகிலிருந்த மொலாட் தீவின் விரிகுடாவை நோக்கித் திரும்பியது. ஆழம் குறைந்த இடத்தில் தரைதட்டவைத்தால் பிழைக்கும். இதற்குள் முன்கொதிகலன் அறைக்குள்ளும் தண்ணீர் கசிந்தது. இரண்டு அறைகளுக்கும் நடுவிலிருந்த குறுக்குச் சுவருக்கு அருகிலேயே அடி விழுந்திருந்தது. இப்படிப்பட்ட சுவர்கள் முழுதாக உடைய வேண்டியதில்லை. குழாயும் மின்கம்பியும் நுழையும் துளைகள், ஆணி இறுகிய தையல்கள் தளர்ந்தாலே போதும்.

அதன் பிறகு நடந்தது ஒரு சங்கிலி. தண்ணீர் ஏறியதும் கொதிகலன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. மொத்தம் 12-இல் இடப்பக்கத்தில் இரண்டு மட்டும் மிஞ்சின. கொதிகலன் போனால் நீராவி போகும், நீராவி போனால் மின்சாரம் போகும், மின்சாரம் போனால் நீரிறைக்கும் பம்புகள் நிற்கும். மிஞ்சியது விளக்கெரிக்கும் அளவு மின்சாரம்தான். பம்பு நின்றதால் தண்ணீர் ஏறியது, தண்ணீர் ஏறியதால் பம்பை ஓட்ட வழியில்லை. விரிகுடாவை நோக்கிய ஓட்டமும் நின்றது.

டெகெத்தாஃப் தாக்குதலுக்குப் பின் விலகிப் போயிருந்தது. நீர்மூழ்கி இருக்குமோ என்ற அச்சத்தில் இன்னொரு பெரிய கப்பலை அங்கே நிறுத்திவைக்க யாரும் துணிய மாட்டார்கள். 4:45 மணிக்குத்தான் திரும்பி வந்து கட்டி இழுக்க முயன்றது. அதற்குள் காலம் கடந்துவிட்டது, இழுவை கைகூடவில்லை.

கடைசி முயற்சியாக நான்கு பீரங்கிக் கோபுரங்களையும் இடப்புறம் திருப்பினார்கள், குழல்களின் எடை சாய்வுக்கு எதிராக இருக்கட்டும் என்று. கோபுரங்களில் இருந்த குண்டுகளைக் கடலில் எறிந்தார்கள். மாலுமிகள் உயர்ந்த பக்கத்தில் கூடி நின்றார்கள். 6:12 மணிக்குக் கப்பல் கவிழ்ந்தது. இந்த இறுதி நிமிடங்கள் டெகெத்தாஃபிலிருந்து படம் பிடிக்கப்பட்டன. கவிழ்ந்த அடிப்பாகத்தின் மேல் ஆட்கள் ஏறிச் செல்வது அதில் தெரியும்.

இறந்தோர் 89 பேர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த கப்பலுக்கு இது குறைவு. மூழ்க ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் எடுத்தது ஒரு காரணம். அந்தக் கடற்படையில் நீச்சல் தெரியாமல் யாரும் பணிக்கு அனுப்பப்படாதது இன்னொன்று.

விளைவு

சூது வெளியாகிவிட்டது, நேச நாட்டுப் பெரிய கப்பல்கள் காத்திருக்கும் என்று கருதி ஆஸ்திரியத் தளபதி முழுத் திட்டத்தையும் கைவிட்டார். உண்மையில் எதுவும் வெளியாகவில்லை. போலாவில் பெரிய கப்பல்கள் இல்லை என்பதே 10-ஆம் தேதி எடுத்த வான்வழிப் படங்களில்தான் இத்தாலியருக்குத் தெரிந்தது. தற்செயலாக நடந்ததைச் சதி என்று வாசித்ததால், ஒரு கப்பல் இழப்பு ஒரு பெரும் நடவடிக்கையின் முடிவாயிற்று. அவர் கையில் அன்று இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அந்த முடிவைப் பிழை என்று சொல்ல முடியாது. நான்கில் ஒன்று போன பிறகு, காத்திருக்கும் பொறிக்குள் மூன்றைக் கொண்டுபோக எந்தத் தளபதியும் தயங்குவார்.

அந்தப் பெரிய கப்பல்கள் அதன்பின் இப்படி ஒரு தாக்குதலுக்குக் கடலிறங்கவில்லை. நவம்பர் 1 அன்று விரிபுஸ் யூனிட்டிஸ், போலா துறைமுகத்துக்குள்ளேயே இரண்டு இத்தாலியர் கொண்டுவந்த வெடியால் மூழ்கியது. மாஸ் 15 ரோம் நகரில் இன்றும் காட்சிக்கு இருக்கிறது. ஜூன் 10 இத்தாலியக் கடற்படை நாள். செண்ட் இஷ்ட்வான் பிரேமுடாவுக்கு அருகே சுமார் 66 மீட்டர் ஆழத்தில் தலைகுப்புறக் கிடக்கிறது.

மாற்றியிருக்க வேண்டியவை

ஆஸ்திரியப் பக்கத்தில் முதலில் சொல்ல வேண்டியது வேகம் பற்றிய முடிவு. தாமதம் ஏற்பட்டதும் இரண்டு வழிகள் இருந்தன: தாமதத்தை ஏற்றுக்கொண்டு புகையில்லாத வேகத்தில் போவது, அல்லது திரும்பிவிடுவது. நேரத்தைப் பிடிக்கப் போனதில் ஒளிவும் போனது, நேரமும் கிடைக்கவில்லை. என்ஜின் பழகாத கப்பலை நெடுந்தூர இரவு ஓட்டத்துக்கு அனுப்புமுன், ஒரு சோதனை ஓட்டத்தில் எத்தனை நாட்டில் புகை கக்கத் தொடங்குகிறது என்று அறிந்திருக்க வேண்டும். காவல் கப்பல்களில் சிலவற்றையாவது முன்னே தள்ளி அனுப்பியிருந்தால் வளையத்தின் இடைவெளி இவ்வளவு எளிதில் கிடைத்திருக்காது. கட்டுமானத்தில், பம்புகளுக்கு மின்சாரம் தர கொதிகலன் அறைகளைச் சாராத தனி வழி இருந்திருந்தால், 7 பாகைச் சாய்வோடு மொலாட் விரிகுடாவை எட்டியிருக்கக்கூடும்.

இத்தாலியப் பக்கம் எடுத்த தவறான பாடம் ஒன்று உண்டு. பிரேமுடாவின் கடல் அன்று அமைதியாக இருந்தது. மாஸ் படகு அலையில் தாங்காது என்ற குறை அன்று சோதிக்கப்படவே இல்லை. பின்னர் 1930-களில் கட்டிய மாஸ்கள் அடிப்பாகத்தில் படி வைத்து 40 நாட்டைத் தாண்டின. அலையில் மட்டும் பழைய கதைதான். 1941-இல் யூகோஸ்லாவியாவிடமிருந்து ஜெர்மனியில் கட்டிய பெரிய டார்பிடோ படகுகள் கைக்கு வந்த பிறகே, அவற்றைப் பார்த்து 28 மீட்டர் நீளமும் வட்ட அடியும் கொண்ட எம்எஸ் வகைப் படகுகளைச் செய்தார்கள். வேகம் 34 நாட்டுக்கு இறங்கியது, யாரும் வருந்தவில்லை. 1942 ஆகஸ்ட் 13 அதிகாலையில் டுனீசியக் கரையில் பிரிட்டிஷ் குரூசர் மான்செஸ்டரை முடக்கியவை அந்த வகையைச் சேர்ந்த எம்எஸ் 16, எம்எஸ் 22 படகுகள். ஓடும் நிலை இழந்த அந்தக் குரூசரை அதன் மாலுமிகளே மூழ்கடித்தனர்.

இரண்டு படகுகளும் ஒரே கப்பலைக் குறி வைத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுவதுண்டு. நான்கு டார்பிடோக்களும் ஒன்றின் மேல் விழுந்தால் மூழ்குவது உறுதி; பிரித்தால் இரண்டும் கிடைக்கலாம், இரண்டும் தப்பலாம். பத்து நிமிடத்துக்குள், இருட்டில், சைகை காட்டவும் வாய்ப்பில்லாத நிலையில், எதிரே வந்த கப்பலை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வதே நடைமுறை. ஒரே இலக்குக்கு இரு பக்கமிருந்து நெருங்க வேண்டுமானால் அதை அங்கோனாவிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். கண்ணி தேடக் கிளம்பியவர்களுக்கு அதற்குத் தேவை எழவில்லை.